ஊர் வாய் தெல்மா

தெல்மா கிரிம்ஷா நாடகத்துக்குள் வந்ததே ஒரு நாடகத்தைப் பாதியில் நிறுத்தித்தான்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பிராக்கன்டேலில், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு செய்கிற தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். லங்காஷயர் மலைமடிப்புக்குள் கிடக்கும் அந்த ஊரில் மழை விட்டால் ஜனங்கள் சந்தேகத்தோடு வானத்தைப் பார்ப்பார்கள். ஆகவே செருப்பு வியாபாரத்துக்குக் குறைவில்லை என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். எழுபத்தொன்பதில் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில் நாலு பேர், சூட்கேஸ் அளவுக்கு ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து இறங்கினார்கள். தங்கள் நாடகக் குழுவுக்கு 'சமையலறை மேசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது, பிறகு நாலு பேருமாக உட்கார்ந்து அதைக் கேட்டு, வெட்டி, கோத்து, அந்தப் பேச்சையே மேடையில் பேசுவது, இதுதான் அவர்கள் தொழில். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்யாத குறை.

தெல்மாவிடமும் வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பேச ஆரம்பித்தவள் சங்கு ஊதிய பிறகும் நிறுத்தவில்லை. டேப் தீர்ந்து, வேறு மாற்றி, அதுவும் தீர்ந்தது.

நாடகம் மெதடிஸ்ட் சபையின் கூடத்தில் நடந்தது. தொழிற்சாலையே திரண்டு வந்திருந்தது. தெல்மாவாக நடித்தவள் ஃபெலிசிட்டி என்ற லண்டன் பெண். ஒல்லியாக, நல்ல பழக்கவழக்கங்களோடு இருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஃபெலிசிட்டி தெல்மாவின் சிரிப்பைச் சிரிக்கிற வரைக்கும். கொட்டிலில் கட்டிய குதிரைக்குப் பசி வந்தால் எப்படியோ அப்படி ஒரு கனைப்பு. தெல்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்தும்மா. நான் அப்படிச் சிரிக்க மாட்டேன்."

ஃபெலிசிட்டி கோபப்படவில்லை. நிஜமான அக்கறையோடு, "அப்ப எப்படிச் சிரிப்பீங்க?" என்று கேட்டாள்.

கேட்டவுடன் யாருக்குச் சிரிப்பு வரும்? தெல்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். பக்கத்தில் இருந்த தையல்காரி ஒருத்தி, குதிரைக்கு இன்னும் கொள்ளு வைக்கவில்லை போல என்றாள். அதைக் கேட்டதும் தெல்மா தன்னை மறந்து சிரித்தாள். அச்சு அசல் அதே கனைப்பு. கூடம் அதிர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். தெல்மாவோ, சிரிப்பு போகட்டும், ஆனால் சூப்பர்வைசர் அப்படி நடக்கவே மாட்டார் என்று சொல்லி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவரைப் போல நடந்து காட்டினாள். இடுப்புக்குக் கீழே அவசரம், மேலே நிதானம். மூன்றாவது வரிசையில் இருந்த சூப்பர்வைசர் தன் தொப்பியை மடியிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

குழுவை நடத்தியவன் டெரிக் பிம். தாடியும் கார்டுராய் கோட்டுமாக, யாரைப் பார்த்தாலும் 'மன்னிக்கணும்' என்று தொடங்குகிறவன். அன்று அவன் தெல்மாவிடம் மன்னிப்பும் கேட்டு, வேலையும் கேட்டான். அதாவது, அவள் தங்களோடு வேலை செய்ய வருவாளா என்று. வசந்தம் வருவதற்குள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தெல்மா குழுவில் சேர்ந்தாள்.

அவளுக்கு நடிப்பு தானாக வந்தது. வராதது வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல்முறையாக அவளைத் தனியாக ஒரு பால்காரரைப் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். டேப்பை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பால்காரரின் பிரச்சினைகள், அவருடைய குழந்தைப் பருவம், அவர் மனைவியைப் பற்றிய சில யூகங்கள் எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் தெல்மாவின் குரலில். பால்காரர் 'ம்' என்றார். பிறகு 'ம்ம்' என்றார். கடைசியில், தான் போகவேண்டும், பால் கெட்டுவிடும் என்றார். டெரிக் டேப்பை நிறுத்திவிட்டு, "மன்னிக்கணும் தெல்மா, இவரைப் பத்தி இப்ப நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான்.

தெல்மா யோசித்தாள். "பால் கெட்டுடும்னு தெரியும்."

அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். கேள்வியைக் கேட்டவுடன் ஒரு பிஸ்கட்டை முழுசாக வாய்க்குள் போட்டுக்கொள்வாள். வாயில் பிஸ்கட் இருக்கும்போது பேசுவது அவள் அம்மா வளர்த்த வளர்ப்பில் இல்லை. எதிரே இருப்பவர்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசிவிடுவார்கள். ஊரே சொன்னது: போலீஸ் வராத இடத்துக்கும் தெல்மாவின் பிஸ்கட் வரும் என்று. இரண்டே வருஷத்தில் பாவாடையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அது தொழில் காயம் என்பாள்.

பள்ளிக்கூடக் கூடங்கள், தொழிலாளர் கிளப்புகள், ஒருமுறை தீயணைப்பு நிலையம், எங்கே நாற்காலி போட முடியுமோ அங்கெல்லாம் ஆடினார்கள். வேனுக்குள் இருக்கும் சாமான்களை இறக்குவது, மேடை போடுவது, நடிப்பது, கூட்டுவது எல்லாம் அதே நாலு பேரும் தெல்மாவும்தான். ஃபெலிசிட்டி சில வருஷங்களில் தொலைக்காட்சிக்குப் போய், அங்கே ஒரு தொடரில் பிணமாக நடித்துப் பேர் வாங்கினாள். தெல்மாவுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. பேச வசனம் இருக்காது என்றதும் மறுத்துவிட்டாள்.

அவள் காதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். யார் எந்த இடத்தில் இருமுவார், யார் 'அதாவது' என்று சொல்லிவிட்டு எதையும் விளக்கமாட்டார், யார் வாக்கியத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு வேறு வாக்கியத்துக்குப் போய்விடுவார், எல்லாம். அந்த இருமலும் திக்கலும்தான் ஆள். வார்த்தை யாருக்கும் வரும் என்பது குழுவின் வேதம். அவற்றை அவள் ஒத்திகை பார்த்தது வீட்டில், சாயங்காலச் சாப்பாட்டு மேசையில், கணவன் நெவில் எதிரில்.

நெவில் பஸ் டிரைவர். நாற்பத்துமூன்றாம் நம்பர் பஸ்ஸை மலையேற்றி இறக்குவது அவன் வேலை. அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். தெல்மா பாதிரியாராகவோ கவுன்சிலராகவோ மாறி உருளைக்கிழங்கைப் பரிமாறுவாள். அவன் யார் பரிமாறினாலும் சாப்பிடுவான். தன் கணவனுக்குள் பேச்சே கிடையாது, மனசும் அமைதி, வாயும் அமைதி என்று தெல்மா முடிவுகட்டி வைத்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பாள்.

தொண்ணூறுகளில் ருக்சானா வந்து சேர்ந்தாள். அதே ஊர்ப் பெண். அவள் அப்பா பஞ்சாலையில் ராப்பகலாக உழைத்தவர். வந்த முதல் நாளே தெல்மாவை 'ஆன்ட்டி' என்றாள். தனக்கு நாற்பதுதான் ஆகிறது என்று தெல்மா சொன்னதற்கு, அது வயசுக்குச் சொல்வது இல்லை, பயத்துக்குச் சொல்வது என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் நல்ல ஒட்டு.

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த நாடகங்களில் ஊர் இன்னும் பேசுவது பித்தளை வாத்திய கோஷ்டி நாடகம். பிராக்கன்டேலில் ஒரே கோஷ்டியாக இருந்தது, ஒரு போட்டியில் தனி வாசிப்பு யாருக்கு என்ற சண்டையில் இரண்டாகப் பிளந்துவிட்டது. பழைய கோஷ்டிக்கு சிரில், புதிய கோஷ்டிக்கு வில்ஃப். ஒரே தெருவில் இரண்டு கூடம். முப்பது வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை. தெல்மா இருவரிடமும் பிஸ்கட் டப்பாவோடு போனாள். இருவரும் மற்றவரை நார்நாராகக் கிழித்தார்கள். மேடையில் சொல்லப்போகிறோம் என்றபோது, தாராளமாகச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். குழுவில் ஆள் பற்றாத காரணத்தால் இருவராகவும் தெல்மாவே நடிக்க வேண்டி வந்தது. இடப்பக்கம் திரும்பினால் சிரில், வலப்பக்கம் திரும்பினால் வில்ஃப்.

சீருடை ஒன்றுதான் கிடைத்திருந்தது. அது பக்கத்து ஊர்க் கோஷ்டியுடையது. அங்கேதான் வினை. மறுநாளே சிரிலும் வில்ஃபும், முப்பது வருஷத்தில் முதல்முறையாக, தோளோடு தோள் சேர்ந்து குழுவின் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் நாய் என்று சொன்னது பற்றி ஆட்சேபணை இல்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரன் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னதைப் பொறுக்க முடியாது என்றார்கள். டெரிக் மன்னிக்கணும் என்றான். சமாதானமாகித் திரும்பும்போது, வில்ஃபின் பேச்சுக்குக் கூடுதலாகச் சிரித்தார்கள் என்று சிரிலுக்கு உறைத்தது. தன்னை மறுபடி பேட்டி எடுக்கவேண்டும் என்று அடம்பிடித்து, ஒரு வாரம் நகைச்சுவை தயார் செய்துகொண்டு வந்தார். ஒன்றும் எடுபடவில்லை. ஆனால் இரண்டு கோஷ்டியும் அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்து வாசித்தன. இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் நெவில் அபிப்பிராயம் சொன்னான். அவன் அளவில் அது பெரிய பேச்சு.

இப்படியே வருஷங்கள் போயின. இரண்டாயிரத்துப் பத்தில், மலைமேல் ஏறும் நாற்பத்துமூன்றாம் நம்பர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். நெவிலும் அதோடு ஓய்வு பெற்றான். ஊரே கொதித்தது. அடுத்த நாடகம் பஸ்தான் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. நெவிலைப் பேட்டி எடுக்காமல் அந்த நாடகம் ஏது என்றான் டெரிக். அவனைவிட பஸ்ஸைப் பேட்டி எடுப்பது சுலபம் என்றாள் தெல்மா. இருந்தாலும் தன் கடமைக்கு ஒரு சாயங்காலம் சமையலறையில் ரிக்கார்டரை வைத்து, கேள்வியைக் கேட்டு, பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். நெவிலும் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். டேப்பில் மென்று தின்கிற சத்தம் மட்டும் இருந்தது.

ஆகவே ருக்சானா போனாள். நெவில் காய்கறி போட்டிருந்த துண்டு நிலத்துக்கு மதியம் போனவள், ஒரு பை முள்ளங்கியோடும், ரிக்கார்டரில் இடமே மிச்சமில்லாமலும் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று தெல்மா கேட்டாள்.

"சொல்லக்கூடாது ஆன்ட்டி. பேசினவரு கேட்டுச் சம்மதிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்."

"அது ஊராருக்கு. இவன் என் புருஷன்."

"அதனாலதான் ரொம்பவே சொல்லக்கூடாது."

தெல்மா நெவிலிடம் கேட்டாள். சும்மா பஸ்ஸைப் பற்றித்தான் என்றான். எவ்வளவு நேரம் பஸ்ஸைப் பற்றிப் பேசமுடியும் என்றாள். அது நீளமான ரூட் என்றான்.

சில நாளில் நெவில் தன் பகுதியைக் கேட்டுச் சம்மதம் கொடுத்தான். வழக்கப்படி யார் யாராக நடிப்பது என்று பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். டெரிக் தொண்டையைச் செருமி, மன்னிக்கணும், நெவிலின் பங்கு தெல்மாவுக்கு என்றான். நெவிலே அப்படித்தான் கேட்டானாம். தெல்மா நம்பவில்லை. ருக்சானா சொன்னாள்: "யாரு உங்களா நடிக்கணும்னு கேட்டேன். 'அவதான். வேற யாரு செஞ்சாலும் வீட்டுக்கு வந்து நொட்டை சொல்லுவா, அதை யாரு கேக்கறது'ன்னார்."

அப்போதெல்லாம் குழுவில் ஹெட்ஃபோன் வழக்கத்துக்கு வந்திருந்தது. காதில் பேச்சு ஓட ஓட, அதே மூச்சில் வாயால் சொல்ல வேண்டும். ஒத்திகை அறையின் நடுவே நாற்காலி போட்டு, தெல்மா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணவனின் குரலில் பேசத் தொடங்கினாள். தான் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலேயே சொன்னாள்.

"என் பொண்டாட்டி நாடகக்காரி. அவ வீட்டுக்கு வந்தா தனியா வர மாட்டா. பாதிரியார் வருவார், கவுன்சிலர் வருவார். பாதிரியாரோட டீ குடிக்கறது கஷ்டம்... காலை ஆட்டக்கூடாது. எனக்கு ஒத்துவந்தது கசாப்புக்கடை ஹாவர்த்துதான். நல்ல மனுஷன். ஒரு வியாழக்கிழமை அவர்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு இந்தக் கறி ஹாட்பாட் பிடிக்காது. கல்யாணம் ஆன நாள்லேருந்து பிடிக்காது. அவர் ஒரு இருமல் இருமிட்டு, அவங்கவங்க நாக்குன்னார். சரி, ஒரு வழியா சொல்லியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். அடுத்த வியாழக்கிழமை... மறுபடி ஹாட்பாட்."

தெல்மா ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல! ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, மதியம் பூரா அடுப்பு. ஒரு நாளாவது தட்டுல மிச்சம் வெச்சிருக்கானா?"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. தெல்மாவுக்கு அந்த வியாழக்கிழமை நினைவிருந்தது. ஹாவர்த்தின் இருமல் அன்றுதான் கைகூடி வந்தது. இருமல் வந்ததே என்ற சந்தோஷத்தில், எதிரே இருப்பவன் எதற்குப் பதிலாக அந்த இருமலை வாங்கிக்கொண்டான் என்று அவள் கவனிக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அவ ஊர் ஊராப் போயிட்டா வீடு நிம்மதியா இருக்கும்னு நெனப்பீங்க. மொத நாள் நிம்மதிதான். ரெண்டாவது நாள் ரேடியோவைப் போட்டு விடுவேன். அதுவும் விடாமப் பேசும்... ஆனா என்னைத் திட்டாது. என்ன பிரயோஜனம்?"

அதற்குப் பிறகு பஸ். டிரைவரின் முதுகைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பேச வந்துவிடுமாம். யார் பிள்ளைக்குப் பரீட்சை போச்சு, யாருக்கு டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் அந்த முதுகில் இறக்கிவைத்துவிட்டுத்தான் இறங்குவார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காது நிரம்பி, வாய்க்கு இடமிருக்காதாம்.

நல்ல பங்கு. ஆனால் தெல்மாவுக்கு அது வரவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் ஒரே நாளில் பிடித்துவிடுகிறவள், கூடவே வாழ்ந்தவனிடம் திணறினாள். காரணம் வார்த்தை இல்லை. வார்த்தைக்கு நடுவே இருந்த இடைவெளி. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாப் தூரம் விட்டுத்தான் நெவில் பேசுவான். தெல்மா அந்தத் தூரத்தைப் பொறுக்காமல் ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டாள். "மன்னிக்கணும், அவர் இன்னும் முடிக்கலை" என்று டெரிக் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். நெவில் மௌனமான இடங்களில் எல்லாம் விஷயம் முடிந்துபோயிற்று என்றே தான் இதுநாள்வரை நினைத்திருந்ததை, ஹெட்ஃபோனுக்குள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தெல்மா கண்டுகொண்டாள். விஷயம் முடிந்திருக்கவில்லை. அடுத்த வாக்கியம் மலையேறி வந்துகொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை மீன் சமைத்தாள். நெவில் தட்டைப் பார்த்தான்.

"இன்னிக்கு வியாழன் இல்லையா?"

"வியாழன்தான்."

"ஓ."

"ஏன், ஹாட்பாட் வேணுமா?"

நெவில் பதில் சொல்லவில்லை. தெல்மாவுக்கு நாக்கு துடித்தது. ஒத்திகையை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கெண்டியில் நீர் கொதித்து அடங்கியது.

"மேல இருக்கற உருளைக்கிழங்கு, அந்த மொறுமொறுப்பு... அது மட்டும் பிடிக்கும்" என்றான் நெவில்.

நாடகம் அரங்கேறியது தொழிலாளர் கிளப்பில். இடமில்லாமல் பாதிக் கூட்டம் நின்றுகொண்டு பார்த்தது. நெவில் முன்வரிசையில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். தெல்மா அவனுடைய பழைய தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு, கைகளை ஸ்டியரிங் மேல் வைத்ததுபோல வைத்து, அவன் பேச்சைப் பேசினாள். இடைவெளிகளைத் தொடவில்லை. ஹாட்பாட் வந்த இடத்தில் கிளப்பே உருண்டது. ரேடியோ வந்த இடத்தில் கடைசிவரிசையில் பீர் கிளாஸ் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. தெல்மாவுக்கு அந்த இடத்தில் குரல் லேசாகக் கரகரத்தது. டேப்பிலும் அங்கே கரகரப்பு உண்டு. ஆகவே அது சரியான நடிப்பு என்றுதான் டெரிக் பிறகு சொன்னான்.

முடிந்ததும் பார்வையாளர்களோடு பேசுவது அவர்கள் வழக்கம். ஒரு பெண்மணி எழுந்து, உங்கள் பேச்சை உங்கள் மனைவி பேசக் கேட்டது எப்படி இருந்தது என்று நெவிலிடம் கேட்டாள். நெவில் எழுந்து நின்றான். ஜனங்கள் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் காத்திருந்தார்கள்.

"நல்லாருந்துச்சு," என்றான். "நான் சொல்ல வந்ததை அவ முழுசா சொல்ல விட்டது இதுதான் மொதல் தடவை. அதுவும் அவளே சொல்லிட்டா."

அந்தக் குதிரைக் கனைப்பு மேடையிலிருந்து வந்தது. ஊருக்கு அது பழக்கம்தான், சேர்ந்து சிரித்தார்கள்.

நாற்பத்துமூன்றாம் நம்பர் பஸ் திரும்பி வரவில்லை. நாடகம் மட்டும் லங்காஷயர் முழுக்க ஓடியது. நெவில் எல்லா ஊருக்கும் வேனில் கூடவே போனான். ஓட்டுகிறவனும் அவனே ஆனான். கேள்வி நேரம் வந்தால் கூப்பிடாமலே எழுந்து நிற்கப் பழகிக்கொண்டான். போகப்போக பதில்கள் நீண்டன. பஸ்ஸில் நடந்த சங்கதி ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. காலையில் எழுந்தவுடன் ருக்சானாவுக்கு ஃபோன் போட்டு, இன்னொன்று விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துக்கொள் என்பான். முள்ளங்கிப் பையோடு அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்வான்.

கடைசியில் ருக்சானா தெல்மாவைத் தனியே அழைத்துப் போனாள். "ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. மாமாகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். நாடகம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

தெல்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

"நான் எங்க சொல்றது? அவன் என்னைப் பேசவே விடறதில்ல."